பள்ளிவாசலுக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பழமரம்



பள்ளிவாசலுக்குப் பின்பக்கம், கடற்கரைக்குப் போகும் பாதையோரம் நிற்கும் மரம் இப்போது காய்த்திருக்கிறது. குலை குலையாகச் சின்னப் பழங்கள். படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டு "இது என்ன மரம்? பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், நஞ்சா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரு சகோதரர் நாவல் இனம் என்றார். இன்னொருவர் "பற்றை தானே, பாம்பு சேரும், பெக்கோ வரும்போது சேர்த்துத் தள்ளிவிடலாம்" என்றார். குழுவில் இரண்டு வரியில் பதில் போட முடியவில்லை. அதனால் இங்கே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பதில். அந்த மரம் அராக். நாம் பாகிஸ்தானிலிருந்து வரும் பக்கட்டில் காசு கொடுத்து வாங்குகிறோமே மிஸ்வாக், அந்தக் குச்சி தரும் மரம் இதுதான்.

எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நீங்களும் போய்ப் பார்க்கலாம்.

இலைகள் காம்பில் எதிரெதிராகச் சோடி சோடியாக இருக்கும். தடிப்பான, கொஞ்சம் சதைப்பற்றான, முட்டை வடிவ இலை. வெளிர் பச்சை நிறம். முள் கிடையாது. அடிமரம் நேராக எழும்பாது, வளைந்து முறுகி நிற்கும். பட்டை வெளிறி வெடித்திருக்கும். கிளை நுனிகள் தொங்கும். பூ மிகச் சிறியது, பச்சை கலந்த வெளிறல். பழம் மிளகு அளவிலிருந்து கடலை அளவு வரை. காயில் பச்சை, பிறகு இளஞ்சிவப்பு, நன்றாகப் பழுத்தால் கருஞ்சிவப்பு அல்லது கறுப்பு. உள்ளே ஒரே ஒரு விதை.

இதற்கெல்லாம் மேலே ஒரு சோதனை இருக்கிறது. இலையை நசுக்கி மோந்து பாருங்கள். கடுகு அரைத்த வாசம் வரும். பழத்தில் முதலில் இனிப்பு, பிறகு நாக்கில் காரம். கடுகிலும் முள்ளங்கியிலும் உறைப்புக் கொடுக்கும் அதே வகை இரசாயனப் பொருள் இந்த மரத்திலும் இருக்கிறது. புது மிஸ்வாக்கைக் கடித்தவுடன் நாக்கில் சுருக்கென்று பிடிக்கிறதே, அது இதுதான். நாவலிலோ பாலையிலோ இந்தக் காரம் இல்லை.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. இதே கடலோரப் பகுதியில் தில்லை மரமும் வளரும். இலையை முறித்தால் வெள்ளைப் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அராக்கில் பால் வராது. இன்னொன்று முட்சங்கு. அராக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடிதான், ஆனால் கூர்மையான முள் இருக்கும், பழம் வெள்ளையாக இருக்கும். பெரியவர் ஒருவர் பார்த்து உறுதி சொல்லாத எந்தப் பழத்தையும் பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

இனி மரத்தின் பெயர்கள். அரபியில் அராக். உருதுவில் பீலு. சிங்களச் சகோதரர்கள் மலித்தன் என்பார்கள். ஹம்பாந்தோட்டை, புந்தல, யால பக்கம் போனவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். நம் மன்னார், புத்தளம் கரையிலும், மழை குறைந்த, மண்ணில் உப்பு ஏறிய இடங்களில் இது வளரும். தாவரவியலில் சல்வடோரா பெர்சிகா. பார்சிலோனாவில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சல்வடோர் என்ற மருந்து வணிகரின் ஞாபகமாக 1749இல் லோரன் கார்சின் என்ற தாவரவியலாளர் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். பெர்சிகா என்றால் பாரசீகம். அந்த விஞ்ஞானிகள் கையில் கிடைத்த மாதிரி பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தது, அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் ஆபிரிக்காவிலிருந்து அரேபியா, பாகிஸ்தான், இந்தியா வழியாக நம் கரை வரைக்கும் இது இயற்கையாக வளரும் மரம்.

அராக் என்றதும் நமக்குக் குச்சி மட்டும்தான் ஞாபகம் வருகிறது. சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற கவலை இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யும்படி கட்டளையிட்டிருப்பேன் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன கருத்து ஜும்ஆவில் கேட்டுக் கேட்டுப் பழகியது. ஆனால் அராக்கின் பழத்தைப் பற்றியும் ஹதீஸ் இருக்கிறது. அதை நாம் அதிகம் பேசுவதில்லை.

ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவித்து புஹாரியில் பதிவான செய்தி அது. மக்காவுக்கு அருகில் மர்ருழ் ழஹ்ரான் என்ற இடம். ஸஹாபாக்கள் நபி (ஸல்) அவர்களோடு இருந்துகொண்டு அராக்கின் பழத்தைப் பறிக்கிறார்கள். அந்தப் பழத்துக்கு அரபியில் கபாஸ் என்று தனிப் பெயரே உண்டு. கறுத்ததைப் பார்த்துப் பறியுங்கள், அதுதான் நல்லது என்று நபியவர்கள் சொல்கிறார்கள். உடனே ஸஹாபாக்களுக்கு ஒரு சந்தேகம். நீங்கள் ஆடு மேய்த்தவரா என்று கேட்கிறார்கள். ஆடு மேய்க்காத நபி யாராவது உண்டா என்ற கருத்தில் பதில் வருகிறது.

இந்தச் செய்தியில் நபிமார்களின் பணிவைப் பற்றிப் பயான்களில் கேட்டிருக்கிறோம். ஓர் ஆசிரியனாக எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. பழத்தில் எது நல்லது என்று ஒருவர் சொன்னதும், இவர் ஆட்டின் பின்னால் நடந்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு எப்படி விளங்கியது? அந்த அறிவு வீட்டுக்குள் இருந்து வராது என்று அவர்களுக்குத் தெரியும். வெயிலில், பற்றைக்குள், கால்நடைகளோடு நடந்தவருக்குத்தான் எந்த மரம் எப்போது காய்க்கும், எந்த நிறத்தில் பறிக்க வேண்டும் என்பது தெரியும். மரத்தின் அறிவு நடப்பவனுக்குக் கிடைக்கும் அறிவு.

இன்னொரு செய்தி அஹ்மதில் வருகிறது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் மிஸ்வாக் பறிக்க அராக் மரத்தில் ஏறுகிறார்கள். காற்று அடித்து அவருடைய மெலிந்த கால்கள் தெரிய, பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். அந்தக் கால்கள் மறுமைத் தராசில் உஹத் மலையை விடக் கனமானவை என்று நபியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். குர்ஆனை அவ்வளவு அழகாக ஓதிய அந்த ஸஹாபி, தன் கையால் மரத்தில் ஏறி மிஸ்வாக் பறித்தவர். நமக்கு அது கடையில் பிளாஸ்திக் உறையில் கிடைப்பதால், அது ஒரு மரத்தின் கிளை அல்லது வேர் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இனி வரலாறு. அரபு வியாபாரிகள் இந்த மரத்தைக் கொண்டு வந்திருப்பார்களோ என்று சிலர் கேட்கலாம். நம் பக்கம் எதையும் அரபிகளோடு சேர்த்துப் பேசுவது பழக்கம். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தை அரபிகள் கொண்டு வந்ததாகச் சொல்கிறோம். மன்னார்க் கழுதையையும் அப்படித்தான் சொல்கிறோம். பெருக்க மரம் ஆபிரிக்காவைச் சொந்த இடமாகக் கொண்டது. அது கடல் தாண்டி யாரோ ஒருவர் கையால் வந்ததுதான். அராக்கின் கதை வேறு.

அராக்குக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: உகாய். உகா என்றும் வரும். ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான சங்கப் பாடல்களில், பாலை நிலத்து வழியில் நிற்கும் மரமாக இது வருகிறது. குறுந்தொகைப் பாடல் ஒன்று அடிமரத்தின் நிறத்தைப் புறாவின் முதுகுக்கும், பழக்குலையை இறால் முட்டைக்கும் ஒப்பிடுகிறது. மீன்பிடிக் குடும்பங்களில் பிறந்த நமக்கு இந்த உவமை உடனே விளங்கும். இறாலின் வயிற்றில் நெருக்கமாக ஒட்டியிருக்கும் முட்டைகளை நினைத்துக்கொண்டு அந்த மரத்தின் இளஞ்சிவப்புக் குலையைப் பாருங்கள். நற்றிணைப் பாடல் ஒன்று இதன் காய்க்கு மிளகு போட்டது போன்ற சுவை என்று சொல்லி, அதைப் பறவை தின்பதையும் சொல்கிறது. இன்றைக்கு நாம் கடித்துப் பார்த்து "காரமாக இருக்கிறதே" என்கிறோம். அதையேதான் அந்தப் புலவரும் சொல்லியிருக்கிறார்.

இது எனக்குப் பெரிய சந்தோஷம் தந்த விஷயம். இந்தப் பாடல்கள் எழுந்த காலத்தில் இஸ்லாம் இந்தக் கரைகளுக்கு வந்திருக்கவில்லை. தமிழ் பேசியவர்களுக்கு இந்த மரம் உகாயாகத் தெரிந்திருந்தது. அங்கே மக்காவில் அதே மரம் அராக். நாம் தமிழ் பேசும் முஸ்லிம்கள். நம்முடைய மார்க்கத்திலும் இந்த மரம் இருக்கிறது, மொழியிலும் இருக்கிறது, காலடி மண்ணிலும் இருக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேரும் இடங்கள் அதிகம் இல்லை.

நம் கரைக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் இருந்த உறவையும் இங்கே சொல்ல வேண்டும். முத்துக்குளிப்புக் காலத்தில் சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் சில வாரங்களுக்குப் பெரிய பட்டணங்களாக மாறிவிடும். அரிப்பில் இடிந்து கிடக்கும் அல்லிராணிக் கோட்டை என்று நாம் சொல்லும் கட்டிடம், முதலாவது ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்காகக் கட்டிய மாளிகை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குறிப்பாக 1905இல், மறிச்சுக்கட்டியில் மிகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. கீழக்கரை, தொண்டி, யாழ்ப்பாணத்துச் சுழியோடிகளோடு வளைகுடாவிலிருந்து அரபுச் சுழியோடிகளும் வந்து இறங்கினார்கள். தங்கள் ஊரில் அராக் என்று அறிந்த மரம் இந்தக் கரையிலும் வளர்வது அவர்களுக்குப் புதுமையாக இருந்திருக்காது. அதே கரையில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குத்தான் அது இன்று தெரியாத மரம்.

ஏன் தெரியாமல் போனது? பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதில் மிகப் பெரிய பகுதி மன்னார் மாவட்டத்தவர்கள். பலர் வள்ளத்தில் கல்பிட்டிக்குப் போய் இறங்கினார்கள். வீடு, காணி, மாடு, தோணி, நகை என்று இழந்தவற்றைக் கணக்கெடுத்துப் படிவங்களில் எழுதினோம். எந்தப் படிவத்திலும் இல்லாத ஓர் இழப்பு உண்டு. மாட்டை அவிழ்த்துக்கொண்டு காட்டோரம் போன வாப்பாமாரோடு கூடவே பிள்ளைகள் நடப்பார்கள். "இது பாலை, இது வீரை, இதைத் தொடாதே, அது தில்லை" என்று அந்த நடையில்தான் பாடம் நடந்தது. புத்தளத்து முகாம்களில் ஓலைக் குடிசைகளுக்கு இடையில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நடை இல்லை. அன்று சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் அங்கேயே மவுத்தாகிவிட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு மஃபிரத் செய்வானாக.

யுத்தம் 2009இல் முடிந்து மக்கள் திரும்பிய போது 20 வருடம் ஆளில்லாமல் கிடந்த காணிகள் பற்றையாகியிருந்தன. சில இடங்களில் வளர்ந்த காடு. வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்தும், புளிய மரத்தை வைத்தும், ஒற்றைத் தென்னையை வைத்தும் முதியவர்கள்தான் அடையாளம் காட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது முழுதும் காடு. நமக்கு அது ஊர். அந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்த நாம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். "காட்டை அழிக்கிறவர்கள்" என்ற பெயரும் நமக்கு வந்து சேர்ந்தது.

நான் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. ஆனால் நமக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இது எங்கள் மண் என்று நாம் சொல்லும் போது, அந்த மண்ணில் நிற்கும் மரத்தின் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? உறுதிப் பத்திரம் ஒரு சாட்சி. கிணறு ஒரு சாட்சி. மரங்களை அறிந்திருப்பதும் ஒரு சாட்சி. பக்கத்துக் காணியில் நிற்பது என்ன மரம் என்று தெரியாமல் பெக்கோ விட்டுத் தள்ளினால், நம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட குறைக்கு நாமே ஆதாரம் கொடுத்தவர்களாகிவிடுவோம்.

ஸூரா ஸபஃவில் 16ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். செழிப்பான இரண்டு தோட்டங்கள் வெள்ளத்தில் போய், அந்த இடத்தில் கம்த் என்ற மரமும் அத்ல் என்ற மரமும் கொஞ்சம் ஸித்ரும் மிஞ்சியதாக அல்லாஹ் சொல்கிறான். அந்தக் கம்த் என்பது அராக்தான் என்று இப்னு அப்பாஸ் (ரழி), முஜாஹித் (ரஹ்) போன்றவர்கள் விளக்கம் தந்ததாகத் தப்ஸீர்களில் வருகிறது. ஸித்ர் நம் இலந்தையின் இனம். ஸபஃ மக்களுக்கு நடந்ததையும் நமக்கு நடந்ததையும் ஒன்றாக்க நான் வரவில்லை, அது வேறு, இது வேறு. ஆனால் தோட்டம் போன பிறகும் மண்ணில் தாக்குப்பிடித்து நிற்கும் மரங்கள் எவை என்று அந்த வசனம் காட்டுகிறது. உப்பு மண், வரட்சி, கவனிக்க ஆளில்லை. அப்படியும் நிற்பவை அராக்கும் இலந்தையும். நாம் இல்லாத அந்த 20 வருடமும் இந்தக் கரையில் நின்றவற்றில் இதுவும் ஒன்று.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

ஒன்று, பாதையை அகலமாக்கும் வேலையில் அந்த மரத்தைத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்வோம். பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் இதை ஒரு வேண்டுகோளாக வைக்கிறேன். பாம்புப் பயம் இருந்தால் அடியில் கிடக்கும் குப்பையைத் துப்புரவாக்கினால் போதும்.

இரண்டு, மிஸ்வாக்குக்கு வேர் நல்லது என்பது உண்மைதான். அதற்காக எல்லோரும் வேரைத் தோண்டப் போனால் மரம் செத்துவிடும். விரல் அளவு தடிப்பான கிளை ஒன்றை வெட்டி, நுனித் தோலைச் சீவி, கொஞ்ச நேரம் நீரில் ஊறவைத்து மென்றால் நார் பிரியும். அது போதும். வன இலாகாவின் ஒதுக்குக் காட்டுக்குள் இதற்காக யாரும் போக வேண்டாம். அது சட்டப்படி குற்றம், நமக்குத் தேவையுமில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மிஸ்வாக் என்பதற்கு அராக் சிறப்பானது, ஆனால் வேப்பங்குச்சியால் பல் துலக்கிய நம் முன்னோர்களும் ஸுன்னத்தை விட்டவர்கள் அல்ல.

மூன்று, பழுத்த பழத்தின் சதையைக் கழுவி நீக்கிவிட்டு விதையை ஒரு பொலித்தீன் பையில் போடுங்கள். மெதுவாக வளரும் மரம், பொறுமை வேண்டும். நன்னீர் இல்லாத, தென்னை பிடிக்காத உவர்க் காணி உள்ளவர்கள் வேலியோரம் நட்டுப் பார்க்கலாம். பாடசாலை வளவிலும் ஒன்று நட வேண்டும் என்பது என் ஆசை. அடியில் மூன்று பெயரையும் எழுதி வைக்கலாம்: அராக், உகாய், மலித்தன். நம் பிள்ளைகளும், பக்கத்து ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளும், சிங்களப் பிள்ளைகளும் வந்து வாசிக்கும் போது மூவருக்கும் அது சொந்த மரமாக இருக்கும்.

நான்காவதுதான் முக்கியம், அது உங்களிடம் கேட்பது. வீட்டில் 70 வயது தாண்டிய வாப்பா, உம்மா, மூத்தவர்கள் இருந்தால் இன்று அஸருக்குப் பிறகு அவர்களை அந்த மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஒரு கொப்பை ஒடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள், இலையை நசுக்கி மோந்து பார்க்கக் கொடுங்கள். அந்தக் காலத்தில் நம்மூரில் இதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், மாட்டுக்குக் கொடுத்தார்களா, மருந்துக்கு எடுத்தார்களா என்று கேளுங்கள். கேட்டதை அவர்கள் சொன்ன சொல் மாறாமல் கீழே எழுதுங்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் அதையெல்லாம் ஒரு கொப்பியில் தொகுப்பார்கள், இன்ஷா அல்லாஹ். அராக்கோடு தொடங்கி, பாலை, வீரை, தில்லை என்று நம்மூர் மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்.

போகும் போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடந்தே போங்கள், மோட்டார் சைக்கிள் வேண்டாம். பழம் பறித்தால் கறுத்ததைப் பார்த்துப் பறியுங்கள்.

வஸ்ஸலாம்.